குறைவாகச் சொல்வதே சாமர்த்தியமா?

தொழில்நுட்பப் பீங்கானில் தனி அளவுக்குப் பாகம் செய்து வாங்க நேரும் நிறுவனங்களின் கொள்முதல் மேஜைகளில் ஓர் அபிப்பிராயம் நெடுநாளாக ஆட்சி செலுத்தி வருகிறது. வரைபடத்தை அனுப்பினால் போதும். அந்தப் பாகம் எந்த யந்திரத்தில், எந்தத் திரவத்தில், எத்தனை சூட்டில் வேலை செய்யப் போகிறது என்பது நம்முடைய இரகசியம். அளவுகளை எவ்வளவு இறுக்கிக் கேட்கிறோமோ அவ்வளவுக்குத் தரம் கூடும். எண்ணிக்கையைச் சற்றுப் பெருக்கி எழுதினால் விலை இறங்கும். மூன்று இடங்களில் விலைப்புள்ளி வாங்கி, ஒப்பீட்டுப் பட்டியல் போட்டு, மிகக் குறைந்த விலை சொன்ன 'எல்-1' யாரோ அவருக்கு ஆர்டர் கொடுத்துவிட்டால் தணிக்கைக்கும் மனச்சாட்சிக்கும் ஒருங்கே பதில் சொல்லியாயிற்று. இப்படி நினைப்பவர்கள் சோம்பேறிகளும் அல்லர், அறிவிலிகளும் அல்லர். நிறுவனத்தின் பணத்தைத் தம் பணம்போல் காக்க விரும்புகிறவர்களே பெரும்பாலும் இந்த முறையைக் கைக்கொள்கிறார்கள். ஆனால் அவர்கள் சிக்கனம் என்று நினைப்பது பீங்கான் விஷயத்தில் வீண் செலவாகவும், ஜாக்கிரதை என்று நினைப்பது அபாயமாகவும் முடிகிறது என்பதே என் வாதம்.

இரும்பிலும் பித்தளையிலும் இந்த முறை நன்றாகவே நடந்து வந்திருக்கிறது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுவது நியாயம். ஈஎன் 8 உருக்குத் தண்டு ஒன்றைக் கடையில் வாங்கும்போதே அதன் வலிமையும் கடினமும் ரசாயனக் கலப்பும் பெரும்பாலும் தீர்மானமாகிச் சான்றிதழோடு கைக்கு வந்துவிடுகின்றன. அதை லேத்தில் ஏற்றுகிறவர் உருவத்தை மாற்றுகிறாரே அன்றிக் குணத்தை உண்டாக்குவதில்லை. ஆகையால் உருவத்தைச் சொல்லும் வரைபடம் அங்கே ஏறக்குறைய முழுச் செய்தியாகிவிடுகிறது. பீங்கானிலோ கடையில் கிடைப்பது மாவு. அந்த மாவை அழுத்தி, நகத்தால் கீறினால் உதிரக்கூடிய பச்சை உருவமாக்கி, பச்சையிலேயே கடைந்து, அலுமினாவானால் 1600 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டில் சுட்டெடுக்கும்போது, அது நீளத்தில் 15 முதல் 20 சதவிகிதம் வரை சுருங்கி, உள்ளிருக்கும் துளைகள் அடைபட்டு, வைரம் தவிர வேறெதுவும் எளிதில் தீண்ட முடியாத பொருளாக இறுகுகிறது. 100 மில்லிமீட்டர் நீளத்துக்கு வர வேண்டிய குழல் சூளைக்குள் போகும்போது 120 மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும். உருவமும் பொருளும் ஒரே சூளையில், ஒரே சமயத்தில் பிறக்கின்றன. ஆகவே உருவத்தை மட்டும் சொல்லி விலை கேட்பவர் பாதிப் பொருளுக்குத்தான் விலை கேட்கிறார். மறுபாதியை, அவருக்கு என்ன வேண்டும் என்று அறியாத ஒருவர் தம் ஊகத்தால் நிரப்பிக் கொள்கிறார்.

கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பம்புத் தொழிலில் சாதாரணமாக வரக்கூடிய ஒரு கோரிக்கையை எடுத்துக் கொள்வோம். "ஐட்டம்: செராமிக் ஸ்லீவ். டிராயிங் இணைப்பு. எண்ணிக்கை: 50. குறைந்தபட்ச விலையும் டெலிவரியும் உடனே தெரிவிக்கவும்." இணைத்திருக்கும் வரைபடமோ முன்பு உருக்கில் செய்த ஸ்லீவுக்காகப் போட்டது, பொருள் என்ற கட்டத்தில் இருந்த உருக்கின் பெயரை அடித்துவிட்டு 'அலுமினா' என்று எழுதியிருப்பார்கள். வெளிவிட்டம் 60, துளை 45, நீளம் 100 மில்லிமீட்டர். துளைக்குள் சாவிக் காடி. அடிக்கட்டத்தில், யாரும் படிக்காத சிறிய எழுத்தில், குறிப்பிடாத அளவுகளுக்கெல்லாம் ஐஎஸ்ஓ 2768-இன் நடுத்தர வகுப்பு என்ற குறிப்பு. இந்தச் சிறிய குறிப்புத்தான் பணத்தை விழுங்கும் பூதம். அந்த வகுப்பின்படி 30-க்கும் 120-க்கும் இடைப்பட்ட அளவுகளுக்கு டாலரன்ஸ் கூட்டியும் குறைத்தும் 0.3 மில்லிமீட்டர். உருக்கில் அது தாராளமான சலுகை. கடைசல்காரர் அதைப் பற்றி யோசிக்கவே மாட்டார். சூளையிலிருந்து அப்படியே வரும் பீங்கானுக்குச் சாதாரணமாக வாக்களிக்கக்கூடியதோ அளவில் ஏறத்தாழ 1 சதவிகிதம். அதாவது 100 மில்லிமீட்டர் நீளத்துக்கு 1 மில்லிமீட்டர், 60 விட்டத்துக்கு 0.6. எனவே ஒருவரும் மனமறிந்து கேட்காத ஒரு நுட்பத்துக்காக, ஒன்றிலும் படாத முனைகளையும் சரிவுகளையும்கூட, சுட்ட பிறகு வைரச் சக்கரத்தில் வைத்துத் தேய்த்தாக வேண்டும். பாகத்தின் மொத்த விலையில் மாவும் சூளையும் சேர்ந்து தின்பதைவிட இந்த வைரக் கிரைண்டிங் தின்பது அதிகமாக இருப்பது சர்வசாதாரணம்.

இறுக்கமாகக் கேட்டால் தரம் கூடும் என்ற நம்பிக்கை இங்கேதான் முறிகிறது. 0.01 மில்லிமீட்டர் டாலரன்ஸ் பீங்கானில் முடியாத காரியம் அல்ல. அதைவிட நுட்பமாகவும் செய்கிறார்கள். கேள்வி, அது எந்த முகத்துக்கு வேண்டும் என்பதே. பம்பின் மெக்கானிக்கல் சீலில் சுழலும் வளையத்தை எடுத்துக் கொள்ளுங்கள். எதிர் வளையத்தோடு உரசும் ஒரே ஒரு முகம், ஹீலியம் விளக்கின் கீழ்க் கண்ணாடித் தட்டு வைத்துப் பார்த்தால் இரண்டு மூன்று ஒளிப்பட்டைக்குள் தட்டையாக இருக்க வேண்டும். ஒரு பட்டை என்பது 0.29 மைக்ரான். அந்த முகத்துக்கு லாப்பிங் செலவைத் தயங்காமல் கொடுக்க வேண்டியதுதான். அதே வளையத்தின் பின்புறமும் வெளிச்சுற்றும் ரப்பர் வளையம் பட நேரும் இடத்தில் மட்டும் வழவழப்பாக இருந்தால் போதும். மற்ற இடங்கள் சூளையில் வந்தபடியே இருக்கலாம். முகத்துக்கு முகம் இந்த வேற்றுமையைச் சொல்லாமல் எல்லாவற்றுக்கும் ஒரே இறுக்கத்தைக் கேட்பவர், வேலை செய்யும் முகத்துக்குப் போக வேண்டிய கவனத்தை வேலை செய்யாத முகங்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்துவிட்டு, அதற்குக் கூடுதல் பணமும் செலுத்துகிறார். கிரைண்டிங் அதிகமாக அதிகமாக மேற்பரப்பில் நுண்விரிசல்களுக்கும் இடம் அதிகம் என்பதையும் சேர்த்துக் கொண்டால், அனாவசியமான இறுக்கம் தரத்தைக் கூட்டாதது மட்டுமா, குறைக்கவும் கூடும்.

மீண்டும் அந்த ஸ்லீவுக்கு வருகிறேன். ஏனெனில் வரைபடம் சொல்லாத இன்னொரு விஷயத்தை அது நன்றாகக் காட்டும். 45 மில்லிமீட்டர் துளையும் அதில் நுழையும் தண்டும், இடைவெளி ஏதுமின்றிக்கூடப் பொருந்தலாம் என்று அனுமதிக்கும் வழக்கமான நழுவு பொருத்தத்தில் அளவு கொடுக்கப்பட்டிருக்கின்றன என்று வைத்துக் கொள்வோம். அலுமினா ஒரு டிகிரிச் சூட்டுக்குத் தன் நீளத்தில் பத்து லட்சத்தில் சுமார் 8 பங்கு விரிகிறது. சாதாரண உருக்கு 12 பங்கு. துருப்பிடிக்காத எஃகு வகைகளில் பல 17 பங்கு வரை. பம்பு ஓடத் தொடங்கிச் சூடு 60 டிகிரி ஏறினால், உருக்குத் தண்டு ஸ்லீவைவிட 11 மைக்ரான் கூடுதலாகவும், துருப்பிடிக்காத எஃகுத் தண்டு 24 மைக்ரான் கூடுதலாகவும் விரிந்து, ஸ்லீவை உள்ளிருந்து வெளியே பிளக்கப் பார்க்கும். அமுக்குவதைத் தாங்குவதில் அலுமினாவுக்கு நிகராக உருக்குகளே சில. இழுப்பதைத் தாங்குவதிலோ அதன் வலிமை அதில் பத்தில் ஒரு பங்கை ஒட்டித்தான். போதாக்குறைக்கு, சாவிக் காடியின் கூரிய உள்மூலை விரிசலுக்கு வாசல் திறந்து வைத்துக் காத்திருக்கிறது. தண்டு எந்த உலோகம், சூடு எவ்வளவு ஏறும் என்ற இரண்டு வரிகள் கோரிக்கையில் இருந்திருந்தால், பீங்கான் தொழில் அறிந்த எவரும் துளையைக் கொஞ்சம் தளர்த்தச் சொல்லியிருப்பார். காடியை எடுத்துவிட்டு வேறு விதமாகச் சுழற்றச் சொல்லியிருப்பார். குறைந்தபட்சம் அந்த மூலைக்கு ஒரு ஆரம் கொடுக்கச் சொல்லியிருப்பார். இரண்டு வரிகளை மறைத்ததனால் காப்பாற்றப்பட்ட இரகசியம் என்ன என்று எனக்கு விளங்கவில்லை.

பொருளின் பெயரைத்தான் எழுதிவிட்டோமே, அது போதாதா என்பார்கள். போதாது. சிலிக்கன் கார்பைடு என்று எழுதி மூன்று விலை வாங்கினால், இரண்டு ஏறக்குறைய ஒத்திருக்க, மூன்றாவது வெகுவாகத் தாழ்ந்து வரக்கூடும். பட்டியலில் அது கம்பீரமாக எல்-1 என்று நிற்கும். தாழ்ந்த விலை பெரும்பாலும் வினைப்பிணைப்பு முறையில் செய்த வகைக்கு உரியது. அதன் இடுக்குகளில் நூற்றுக்குப் பத்தை ஒட்டிய பங்கு தனிச் சிலிக்கன் நிறைந்திருக்கும். தண்ணீருக்கும் பல திரவங்களுக்கும் அது மிக நல்ல பொருள். அதைக் குறை கூறுவது என் நோக்கம் அன்று. ஆனால் பம்பு இறைக்கப் போவது செறிந்த காஸ்டிக் சோடாக் கரைசலானால், காரம் அந்தச் சிலிக்கனை அரித்து எடுத்துவிடும். மினுமினுப்பாக வந்த சீல் முகம் சொரசொரத்துக் கசியத் தொடங்கும். தனிச் சிலிக்கன் கலவாமல் சுட்டு இறுக்கிய மற்ற வகை அங்கே தாக்குப் பிடிக்கும். அதற்கு விலை அதிகம். இரண்டும் சிலிக்கன் கார்பைடு என்ற ஒரே பெயரால்தான் வழங்குகின்றன. மூன்று விலைப்புள்ளிகளை ஒரே பட்டியலில் வரிசைப்படுத்திய அதிகாரி மூன்று விலைகளை ஒப்பிட்டதாக நினைத்தார். உண்மையில் அவர் ஒப்பிட்டது வெவ்வேறு பொருள்களை. குறைந்த விலை சொன்னவர் ஏமாற்றினார் என்றும் சொல்ல முடியாது. கேட்ட பெயருக்கு அவர் விலை சொன்னார்.

பெயரும் அளவும் ஒன்றாகவே இருந்து, செய்முறை மட்டும் மாறினாலும் விபரீதம் நேரலாம் என்பதற்கு வைத்தியத் துறையிலேயே ஒரு பிரசித்தமான சாட்சி உண்டு. இடுப்பு மூட்டு மாற்று அறுவைக்குப் பயன்பட்ட சிர்கோனியாப் பந்துகளைச் செய்துவந்த ஒரு பிரெஞ்சு நிறுவனம், 1998-இல் தொகுதி தொகுதியாகச் சுடும் சூளையிலிருந்து தொடர்ந்து ஓடும் சுரங்கச் சூளைக்கு மாறியது. புதிய சூளையில் சுட்ட பந்துகளில் சில தொகுதிகள் நோயாளிகளின் உடலுக்குள்ளேயே வழக்கத்துக்கு மிஞ்சிய அளவில் உடைந்தன. 2001-இல் அவை சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டன. செய்தவர் மாறவில்லை, பொருளின் பெயர் மாறவில்லை; மாறியது சுடும் விதம். அடர்த்தி எவ்வளவு இருக்க வேண்டும், மணிகளின் பருமன் எவ்வளவு, செய்முறையை மாற்றினால் முன்கூட்டித் தெரிவிக்க வேண்டுமா, ஒவ்வொரு தொகுதிக்கும் என்ன பரீட்சை என்பனவற்றை விலை கேட்கும்போதே எழுதுவது அதிகப்பிரசங்கித்தனம் என்று கருதுகிறவர்கள் இதைச் சற்று யோசிக்க வேண்டும். பீங்கானின் வலிமை என்பது ஒற்றை எண் அன்று. ஒரே தொகுதியில் பிறந்த துண்டுகளும் வெவ்வேறு சுமையில் உடையும். ஸ்வீடன் நாட்டு வைபுல் 1939-இல் இந்தச் சிதறலுக்குக் கணிதம் வகுத்துக் கொடுத்த பிறகும், சராசரி வலிமையை மட்டும் எழுதிக் கேட்டுவிட்டு நிம்மதியாக உறங்குகிறவர்கள் இருக்கிறார்கள். நிறத்தைப் பார்த்துத் தரம் சொல்கிறவர்களைப் பற்றிப் பேசவே வேண்டாம். அலுமினா வெள்ளையோ தந்தநிறமோ இளஞ்சிவப்போ என்பது அதில் சேர்த்த சிறு கலப்புகளின் காரியம்.

இனி இரகசிய வாதம். இதில் உண்மையே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். பாகத்தின் உபயோகத்தைச் சொன்னதும் அதைப் போட்டியாளரிடம் கொண்டுபோய்க் காட்டுகிறவர்கள் எந்தத் தொழிலிலும் உண்டு. நல்ல யோசனை ஒன்றைக் களவு கொடுத்தவருக்குத்தான் அதன் எரிச்சல் தெரியும். அதற்கு மருந்து, விலை கேட்குமுன் இரகசியக் காப்பு ஒப்பந்தம் ஒன்றில் கையெழுத்து வாங்குவது. முழு யந்திரத்தின் வரைபடத்தை அனுப்பாமல் பாகத்தையும் அதைத் தொட்டு நிற்கும் பாகங்களையும் மட்டும் காட்டுவது. என்ன திரவம், எத்தனை சூடு, சூடு மெல்ல ஏறுமா சட்டென்று மாறுமா, எத்தனை அழுத்தம், எந்த உலோகத்தோடு உறவு என்பவை இரகசியங்கள் அல்ல. அவை பாகத்தின் வாழ்க்கைச் சூழ்நிலை. அலுமினாவைச் சூட்டிலிருந்து சட்டென்று தண்ணீரில் போட்டால் சுமார் 200 டிகிரி வேற்றுமையிலேயே விரிசல் விடத் தொடங்கும். சிலிக்கன் நைட்ரைடு அதைப் போல் இரண்டு மூன்று மடங்கு தாங்கும். முறியாமை அதிகம் என்று பெயர் பெற்ற சிர்கோனியாவோ நூறு டிகிரிக்கு மேற்பட்ட நீராவியில் நாளடைவில் உள்ளுக்குள்ளேயே உருமாறி வலுவிழக்கும். இந்தச் சூழ்நிலையை ஒளித்துவிட்டு, பாகம் உடைந்த பிறகு 'பீங்கானே இப்படித்தான்' என்று தீர்ப்புச் சொல்வது எந்த நியாயத்தில் சேரும்?

எண்ணிக்கையைப் பெருக்கி எழுதும் தந்திரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. உலோகக் கடைசலில் ஐம்பதுக்கும் ஐயாயிரத்துக்கும் நடுவே விலை மாறுமே தவிர, செய்யும் விதம் பெரும்பாலும் ஒன்றுதான். பீங்கானில் எண்ணிக்கை மாறினால் வழியே மாறிவிடும். ஐம்பது ஸ்லீவ் வேண்டுமென்றால் ரப்பர் உறைக்குள் மாவை இட்டு நாலாபுறமும் திரவ அழுத்தத்தால் இறுக்கி, அந்தப் பச்சைத் தண்டைக் கடைந்து சுடுவார்கள். ஆயிரக்கணக்கில் என்றால் எஃகு அச்சு செய்து அழுத்துவார்கள். சிக்கலான சிறு பாகம் பதினாயிரக்கணக்கில் என்றால் ஊசி வார்ப்புக்கு அச்சுப் போடுவார்கள். ஐயாயிரம் என்று எழுதி விலை வாங்கி, ஐம்பதுக்கு ஆர்டர் கொடுப்பவருக்கு வந்த விலையில் அச்சுச் செலவு எங்கோ பரவிக் கிடக்கும். அச்சு யாருடைய சொத்து என்ற சண்டை பின்னால் வரும். அல்லது செய்து தருபவர் மெல்லப் பின்வாங்குவார், மூன்று மாதம் வீணாகும். இப்போது 50, பரீட்சை தேறினால் வருஷத்துக்கு 500, நன்கு விற்றால் 5000 என்று மெய்யான எண்களை எழுதி ஒவ்வொன்றுக்கும் தனி விலையும், அச்சுச் செலவைத் தனி வரியிலும் கேட்பதில் எந்த வியாபார நுட்பமும் குலைந்து போவதில்லை.

மிகப் பலமான ஆட்சேபத்தைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன். பீங்கானில் நிபுணர் செய்து தருபவர்தாமே. வேண்டிய விவரத்தை அவரே கேட்டுக் கொள்ளட்டும், இத்தனையும் எழுத எங்களிடம் ஆள் எங்கே என்பது அது. நிபுணர் அவர்தான், சந்தேகமில்லை; எந்த வகை அலுமினா, எந்த அச்சு, எந்தச் சூளை என்பதை அவரிடமே விடுங்கள். ஆனால் உங்கள் பம்பின் நிபுணர் அவர் அல்லர். அவர் கேட்டால் சொல்லலாம் என்பதும் சொல்லளவில் சரி. நடைமுறையில், நிலைக்குமா என்றே தெரியாத ஒரு கோரிக்கைக்கு நாலு கேள்வி எழுதிப் பதிலுக்குக் காத்திருப்பதைவிட, தெரியாதவற்றுக்கெல்லாம் பாதுகாப்பாக ஒரு தொகையைச் சேர்த்து விலை சொல்வதோ, எதையும் சேர்க்காமல் தாழ்த்திச் சொல்லி ஆர்டரைப் பிடிப்பதோ அவருக்கு எளிது. ஒன்றில் உங்கள் பணம் போகும். மற்றதில் உங்கள் பம்பு நிற்கும். கடல் கடந்துதான் விசாரிக்க வேண்டும் என்பதும் இல்லை; ஓசூரிலேயே கார்போரண்டம் யுனிவர்சல் நிறுவனத்தின் தொழிற்பீங்கான் பிரிவு இயங்குகிறது; கோவையிலிருந்து இரவு பஸ் ஏறினால் மறுநாள் எதிரில் உட்கார்ந்து பேசிவிடலாம். அரசு நிறுவனத்தார் விதிகளைக் காட்டுவார்கள். 2017-ஆம் ஆண்டின் மத்திய அரசுப் பொது நிதி விதிகளே, தொழில்நுட்ப உறையை முதலில் பிரித்துத் தேறியவர்களின் விலை உறையை மட்டும் பிறகு பிரிக்கும் இரண்டு உறை முறைக்கு இடம் கொடுக்கின்றன. தெளிவான தேவைக்குறிப்பை எழுதாதே என்று எந்த விதியும் சொல்லவில்லை. குறிப்பே இல்லாமல் வாங்கிய எல்-1-ஐத் தணிக்கையில் நியாயப்படுத்துவதுதான் உண்மையில் சிரமம்.

ஏற்பைப் பற்றியும் முன்பே பேசிவிடுவது நல்லது. பெட்டி பிரிக்கும் இடத்தில் நடக்கும் சச்சரவுகளில் பெரும்பகுதி விளிம்பில் தெறித்த சில்லைப் பற்றியும், வெள்ளை அலுமினாவில் தெரியும் கறுப்புப் புள்ளியைப் பற்றியுமே எழுகிறது. எந்த விளிம்பில் எத்தனை மில்லிமீட்டர்ச் சில்லு வரை பொறுப்போம், எந்த முகத்தில் ஒன்றுமே கூடாது, விரிசலைச் சாயம் தடவிப் பார்ப்பதா, எத்தனைக்கு எத்தனை அளப்பது என்று கோரிக்கையிலேயே எழுதிவிட்டால், அந்தச் சச்சரவுக்குச் செய்து தருபவர் விலையில் சேர்த்து வைக்கும் தொகையும் மிச்சமாகும்.

ஆகவே கொள்முதல் மேஜையில் இருப்பவர்களை நான் கேட்டுக் கொள்வது இவ்வளவுதான். அடுத்த என்கொயரியை அனுப்புமுன், அந்தப் பாகத்தைக் கையால் மாட்டப் போகும் பிட்டரை அழைத்து, எந்த முகம் எதில் படுகிறது, எது ஒன்றிலும் படவில்லை என்று வரைபடத்தின் மேலேயே சிவப்புப் பென்சிலால் குறித்துத் தரச் சொல்லுங்கள். பழைய உலோக வரைபடத்தின் அடிக்கட்டத்துக் குறிப்பை அடித்துவிடுங்கள். திரவத்தையும் சூட்டையும் தண்டின் உலோகத்தையும் மெய்யான எண்ணிக்கையையும் எழுதுங்கள். அதன் பிறகும் உற்பத்தியாளரிடமிருந்து கேள்விகள் வந்தால் சலித்துக் கொள்ளாமல் பதில் எழுதுங்கள். அரைகுறையான கோரிக்கைக்கு மறுகேள்வி ஒன்றும் கேளாமல் அன்று மாலையே வந்து சேரும் மலிவான விலைப்புள்ளி எதுவோ, அதன்மேல் எல்-1 என்று எழுதுமுன், அதை அனுப்பியவர் எந்தப் பொருளுக்கு விலை சொல்லியிருக்கிறார் என்று அவரிடமே கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.